இரண்டு தரம் அலசிய பாவாடை

என் வயதுக்காரிகளே, உங்களில் யாராவது சின்ன வயதில் மூன்று மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டதுண்டா? இப்போது டாக்டர் சொல்லி நம்மில் பாதிப் பேர் உப்பைக் குறைத்திருக்கிறோம். அதைச் சொல்லவில்லை. ஒரு கல் உப்புகூட நாக்கில் படாமல், தை பிறந்து பங்குனி முடியும்வரை, ஒன்பது வயதில், அம்மாவும் பக்கத்தில் இல்லாமல். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். பேத்தி, தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் கடைப் பலகைகளைக் கூட்டிக் கூட்டி எழுத்துக் கற்றவள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு வேறு வேலை இல்லை. இன்னொருத்தர் கையால் எழுதவேண்டிய விஷயமும் இல்லை இது.

எங்கள் வீடு ராயபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக நின்ற ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. நைனா துறைமுகத்தில் கப்பல் கரி சுமந்தார். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அம்மா அதைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். தம்பி கைக்குழந்தை.

அந்த வருஷம் மழை விட்டதும் எனக்கு முகம் ஊதியது. முதலில் கண் இமை. காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க வராது. அப்புறம் கால். அம்மா என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் என் அக்காவுக்கும் இப்படித்தான் ஊதியது. பொங்கலுக்கு அக்கா இருந்தாள். சிவராத்திரிக்கு இல்லை.

எண்ணூரில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று நைனாவோடு கரி சுமந்தவர் ஒருவர் சொன்னார். வடக்கே போய் யோகமும் ஆயுர்வேதமும் படித்துவிட்டு வந்தவராம். மருந்து கொஞ்சம்தான், மற்றதெல்லாம் மண்ணும் தண்ணீரும் வெயிலும் காற்றுமாம். நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் மணல்மேடு. அதன்மேல், காற்று வாங்க வந்த வெள்ளைக்காரர் யாரோ கட்டிப் போட்டுவிட்டுப் போன பழைய பங்களா. பின்பக்கத்து அறை ஒன்றுக்குக் கூரையே கிடையாது. ஒரு புறம் சவுக்குத் தோப்பு. கழிக்கு அப்பால் உப்பளம். அங்கே உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது, காவலுக்குச் சர்க்கார் சேவகரும் உண்டு.

வைத்தியர் ஒல்லியானவர். குரல் மட்டும் கனம். என்னைப் பார்த்ததும், "சின்னப் பிள்ளைகளை நான் சேர்ப்பதில்லை. பத்தியம் காக்க மாட்டார்கள்" என்றார்.

நைனா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இது காக்கும் சாமி. மத்த புள்ளைங்க மாதிரி இல்ல. சொன்னா சொன்னபடி நிக்கும்."

நைனா என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ஊதின முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வைத்தியர் குனிந்து என் காலை அழுத்திப் பார்த்தார். "இந்த உடம்பில் இருப்பது ஐந்து. மண், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். இவளிடம் நீர் தன் எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்ப நாளாகும். அதுவரை உப்பு கூடாது. உப்பு இருக்கும் இடத்துக்குத்தான் நீர் போகும். பத்தியம் முறித்தது தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன், பிறகு சேர்க்க மாட்டேன். வீக்கம் வற்றினால்தான் வீடு. சம்மதமா?"

"சம்மதம் சாமி."

நைனா மணலில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஓடி வந்துவிடுவேன் என்று பயந்திருப்பார். அது எனக்கு நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு, என்னைத் தள்ளிவிட்டதில் அவருக்கு நிம்மதி என்று நினைத்தேன்.

காலையில் முதல் வேலை கடல். பாவாடையோடு அலையில் உட்காரவேண்டும். எழுந்து வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது. ஈரம் உடம்பிலேயே காயவேண்டும். உப்பு மேலே இருந்தால் உள்ளே இருக்கும் நீரை இழுக்கும் என்பார். உள்ளே போகிற உப்பு விஷம், மேலே காய்கிற உப்பு மருந்து. அவர் கணக்கு அது. அப்புறம் மண். கரையான் புற்றை உடைத்துச் சலித்து ஊறவைத்த மண்ணைத் துணியில் அப்பி வயிற்றில் போடுவார். தவளை ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெயில் ஏறியதும் வாழை இலையில் சுற்றிக் கிடத்துவார். இலை வேகிற வாசனை, என் வேர்வை வாசனை. மத்தியானம் மூக்கிரட்டைக் கீரைக் கஷாயம். சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு அலை வரும்வரை மூச்சை இழு, அது போகும்வரை விடு. எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற நேரத்தில் எண்ணுவதற்கு ரயில் மட்டும்தான் இருந்தது.

இதில் எது என்னைப் பிழைக்க வைத்தது என்று தெரியவில்லை. பிழைத்தேன். வைத்தியரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

நைனா முதல் இரண்டு ஞாயிறும் வந்தார். அவர் போன பிறகு நான் கஞ்சி குடிக்கவில்லை. வைத்தியர் பார்த்தார். கிட்டே வந்து பார்ப்பது பிள்ளை மனத்தைக் கலைக்கிறது, இனிமேல் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போ என்று நைனாவிடம் சொல்லிவிட்டார். அப்புறம் ஞாயிறுதோறும் சவுக்குத் தோப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒருத்தர் நிற்பார். துண்டைத் தூக்கிக் காட்டுவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு தெரியாது. நிற்பது நைனாவா மரமா என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நானும் கையை ஆட்டுவேன்.

அந்த வீட்டில் என்னோடு பேசியது சமையல்காரம்மா ஒருத்திதான். நடுத்தர வயது, காதில் ஓட்டை இருந்தும் கம்மல் கிடையாது. அவள் அண்ணன் உப்பளத்தில் வேலை செய்தார். விடிந்ததும் கழியைச் சுற்றி நடந்து வருவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். வைத்தியருக்கு முன்னால் பூனை மாதிரி இருப்பாள். அவர் நகர்ந்ததும் வாய் திறக்கும்.

"கூரை இல்லாத ரூமு ஏன் அப்டியே கீது தெரியுமா பாப்பா? அதான் ஆகாசமாம். எங்க வூட்டுலயும் கூரை பிச்சிகினுதான் கீது. நாங்களும் வைத்தியம் பாக்கலாம் போல."

நான் சிரித்தால் வீங்கின கண் மூடிக்கொள்ளும். "தே, சிரிக்காத. கண்ணு காணாம பூட்ச்சி" என்பாள்.

அவள் எனக்குக் கொடுத்தது உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை, உப்பில்லாத பாசிப்பயறு. முதல் வாரம் பசியில் இறங்கியது. அப்புறம் வாயில் வைத்தால் ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. எதிரே வெயிலில் மலை மலையாக உப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நான் கஞ்சி குடிக்கவேண்டும்.

மாசி தொடக்கத்தில் ஒரு நாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு நோயாளி, துணி மூட்டைக்குள் கருவாடு வைத்திருந்ததை வைத்தியர் பிடித்துவிட்டார். அந்த ஆளுக்குக் கால் யானைக்கால் போல வீங்கியிருந்தது. அவர் கெஞ்சினார், அழக்கூடச் செய்தார். வைத்தியர் மூட்டையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த மனிதர் மணலில் காலை இழுத்துக்கொண்டு போனதை நான் கடைசிவரை பார்த்தேன். அக்காவின் கால் ஞாபகம் வந்தது.

ஆனாலும் நான் திருடினேன். வெளியிலிருந்து அல்ல, என் மேலிருந்தே. கடலில் இருந்து எழுந்து வெயிலில் உட்கார்ந்தால் கை மயிரில் வெள்ளையாகப் பூத்திருக்கும். முதலில் அதைத்தான் நக்கினேன். அப்புறம் பாவாடை முனை. பச்சைப் பாவாடை, அம்மா தன் பழம்புடவையில் தைத்தது. காய்ந்தால் அப்பளம் போல விறைக்கும். அந்த முனையை வாயில் வைத்துச் சப்பினால் உப்பு வரும், அதோடு எங்கள் வீட்டு வாசனையும் வருகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் முழுக்க ஒரு முனை. மறுநாள் கடல் அதை மறுபடி நிரப்பிக் கொடுக்கும்.

சமையல்காரம்மா அதைத் துவைக்கும்போது கண்டுபிடித்தாள்.

"இன்னா பாப்பா, பாவாடைய எலி கடிச்சிதா?"

அவள் முனையை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கிணற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து, "அந்தக் கிரேன்காரரு போனதப் பாத்த இல்ல?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்று தலையாட்டினேன். "அப்ப செரி. இது உனக்கும் எனக்கும்தான்."

மறுநாளிலிருந்து நான் கடலைவிட்டு ஏறும் இடத்தில் ஒரு குடத்தோடு நின்றாள். வைத்தியர் அந்த நேரத்தில் உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவள் என் பாவாடையை உருவி, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் அலசிப் பிழிந்து, ஈரமாகவே திருப்பிக் கட்டிவிடுவாள். "கடலு உன் மேல இருக்கட்டும், துணில வேணாம்." கையை நக்காதே என்று என் இரண்டு கைக்கும் வேப்பெண்ணெய் தடவினாள்.

பதினைந்து நாளில் வீக்கம் இறங்கத் தொடங்கியது. வைத்தியர் தினமும் என் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். குழி விழும். அது நிரம்ப எத்தனை மூச்சு ஆகிறது என்று எண்ணுவார். முதலில் பதினைந்து இருந்தது. மாசி முடிவதற்குள் மூன்றுக்கு வந்துவிட்டது.

"இனி ஆகாயம்" என்றார்.

ஆகாயம் என்றால் மௌனம். பதினோரு நாள். கடலில் முழுகியதும் நேராக அந்தக் கூரையில்லாத அறைக்குள் போய், பொழுது சாயும்வரை வானத்தைப் பார்த்து உட்காரவேண்டும். யாரோடும் பேசக்கூடாது, யாரும் கிட்டே வரக்கூடாது. கஞ்சியைக்கூடச் சமையல்காரம்மா வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வைத்தியர் அந்த நாட்களில் தானே என்னைக் கடலிலிருந்து அறை வரைக்கும் கூட்டிப்போனார். குடத்துக்கு இடமில்லை.

பெரியவர்களே மூன்றாம் நாள் பேசிவிடுவார்களாம். ஏழாம் நாள் வைத்தியர் மற்ற நோயாளிகளை அழைத்து வந்து வாசலில் நிறுத்தி என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளையைப் பாருங்கள். இந்த வீட்டில் ஏழு நாள் ஒரு சொல் பேசாமல் இருந்தது இவள் ஒருத்திதான்." நான் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தேன். அப்போது எனக்கு வந்த பெருமை, என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஆனால் அந்த அறையில் நாலு சுவரும் மேலே நீலமும் தவிர ஒன்றும் இல்லை. கடல் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. ரயில் சத்தம் கேட்கும், புகை மட்டும் சுவருக்கு மேலே கொஞ்சம் தெரியும். வானத்தில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லித் தரவில்லை. நான் என்ன செய்வேன்? பாவாடை முனையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் அதை எடுக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை வைத்தியர் என் காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி விழுந்தது. ஐந்து மூச்சு, பத்து மூச்சு. ஈரமண்ணில் பதிந்த மாதிரி அப்படியே நின்றது.

"உப்பு" என்றார். சமையலறைக்கு நடந்தார். என்னையும் வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

சமையல்காரம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையில் ஒரு முடிச்சு.

"அதில் என்ன?"

"ஒண்ணும் இல்ல சாமி."

"அவிழ்."

அவிழ்த்தாள். நாலைந்து கல் உப்பு, சாம்பல் நிறத்தில்.

"என் கஞ்சிக்கு சாமி. கெணத்தாண்ட குந்திகினு துன்றது. உப்பு இல்லாங்காட்டி எனக்கு எறங்கல. சமையக்கட்டுக்குள்ள எட்த்தாந்தது தப்புதான். ஆனா கொயந்த கஞ்சில நான் ஒரு கல்லு போட்டதில்ல."

"அப்படியானால் இந்தக் காலில் ஏறின உப்பு எங்கிருந்து வந்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். பாவாடை முனை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அதையும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். நான் கிரேன்காரர் போன வழியில் போயிருப்பேன்.

"தெரியல சாமி" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். "நீ பேசாதே. ஒன்பது நாள் காத்ததை இவளுக்காகக் கெடுத்துக்கொள்ளாதே. இன்னும் இரண்டு நாள்தான்."

மூடிக்கொண்டேன்.

அவர் தடுத்ததால் மூடினேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான். துரத்திவிடுவார் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, சொன்னபடி நிற்கிற பிள்ளை என்று நைனா சொன்ன சொல்லும், ஏழு நாள் இருந்தவள் இவள் ஒருத்திதான் என்று இவர் சொன்ன சொல்லும் ஒரே நிமிஷத்தில் பொய்யாகிவிடுமே என்பது. அவர் கையைக் காட்டியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் உண்மை.

அவளுக்கு எடுத்துக்கொண்டு போக ஒரு பித்தளைத் தூக்குதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். வைத்தியர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல், கொடியில் கிடந்த என் மாற்றுப் பாவாடையை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய், ஒரு தரம் அலசினாள், இன்னொரு தரம் அலசினாள், உதறி மறுபடி கொடியில் போட்டாள்.

"நல்ல தண்ணில ரெண்டு தபா பாப்பா. இனிமே நீயே அலசிக்க."

வைத்தியர், போகிற போக்கில் உரிமை கொண்டாடுகிறாள் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கழியோரமாக நடந்து சின்னதாகி, உப்பளத்து வெள்ளையில் எங்கோ கலந்துபோனாள்.

மறுநாள் நானே அலசினேன். கடலிலிருந்து வந்ததும், மௌனத்தில் கூட்டிப்போகிற வைத்தியரிடம் கிணற்றைக் கையால் காட்டிவிட்டு, அவர் என்ன நினைத்தாலும் சரியென்று, ஒரு தரம், இன்னொரு தரம். அவர் தடுக்கவில்லை. அன்றைக்குத் துணியை வாயில் வைக்கப்போனவள் வைக்கவில்லை. அதற்கப்புறம் எப்போதும் வைக்கவில்லை.

வீக்கம் மளமளவென்று இறங்கியது. பங்குனி முடிவில் நைனாவைக் கிட்டே வரச் சொல்லி, வைத்தியர் என் காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழியே விழவில்லை.

"சமையல்காரி உப்பைக் கலந்து கொடுத்திருக்கிறாள். அவளை அனுப்பினேன். அன்றையிலிருந்து பார், இறங்கிவிட்டது" என்றார். என் கால்தான் அவருக்குச் சாட்சி. புதிதாக வந்த நோயாளிகளுக்கும் அந்தக் காலையே காட்டி அந்தக் கதையைச் சொன்னார். நான் நீட்டிக்கொண்டு நின்றேன்.

நைனா அவர் காலில் விழுந்தார். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "இன்னா பொம்பள அவ. ஒண்ண வாரிக் குட்த்துட்டு நிக்கறவனாண்ட இன்னொண்ணையும் புடுங்கப் பாத்துக்கீறா" என்று காறித் துப்பினார்.

என் மௌனம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரயில் உப்பளத்தை ஒட்டிப் போனது. பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாகப் போனார்கள். வெயிலுக்கு எல்லோரும் முகத்தில் துணி சுற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் கையை ஆட்டினேன். கூடை சுமக்கிறவர்கள் எப்படித் திருப்பி ஆட்டுவார்கள்?

முதல் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வைத்தியர் காலமாகியிருந்தார், பங்களாவின் மற்ற அறைகளுக்கும் கூரை போயிருந்தது. உப்பளத்தில் விசாரித்தேன்.

"பேரு இன்னாம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் அவள் கையால் சாப்பிட்டும் நான் கேட்கவே இல்லை. "சமையல்காரம்மா" என்றேன்.

"இங்க யாரும் சமைக்கறது இல்லம்மா. உப்புதான் வார்றோம்" என்று அவர்கள் சிரித்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார்கள்.

இன்றைக்கும் நான் துணியை இரண்டு தரம்தான் அலசுகிறேன். "லாரித் தண்ணி அத்தே, ஒரு தபா போதாதா?" என்று மருமகள் குறைபட்டுக்கொள்வாள். போதாது என்பேன். காரணம் சொல்ல மாட்டேன். நான் யாருக்கும் காரணம் சொல்லிப் பழகியவள் அல்ல, உங்களுக்குத் தெரியும்.

கேட்கவேண்டிய வைத்தியர் இல்லை. கேட்டிருக்கவேண்டிய நைனாவும் அவளைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மிச்சம் நீங்கள்தான். ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்: அந்தச் சமையல்காரம்மா என் கஞ்சியில் ஒரு கல் உப்பும் போடவில்லை. உப்பு என் பாவாடையில் இருந்தது.